மாமனாருக்குப் போன நோட்டீஸ்

டிங்குனு கேட்டுச்சு பாருங்க, அது உங்க போனுதானுங்க அம்மணி. என்ற போனு இல்லை, என்றது ரெண்டு டிங்கு அடிக்கும். நான் ஒண்ணும் எட்டிப் பாக்கலைங்க. பாக்காமயே சொல்றேன், காலண்டருதானே? இத்தனை மணிக்கு இன்ன மீட்டிங்குன்னு காட்டுதா? காட்டும். அந்தச் சத்தம் எனக்குத் தூக்கத்துலயும் அடையாளம் தெரியும்.

சித்த நகந்துக்குங்க, இந்தப் பையை மடியில வெச்சுக்கறேன். கீழ வெச்சா சாஞ்சுக்கும், உள்ளே தூக்குப்போசி இருக்குது. அரிசிம்பருப்புச் சோறுதான், வேற ஒண்ணுமில்லை. காலையில செஞ்சது மிச்சமாயிருச்சு, சரி கெடக்கட்டும்னு எடுத்துட்டு வந்தேன். நெய்யு தனியா இருக்குது.

உடுமலைக்குத்தானுங்க. அங்க ஒரு சின்னச் சோலி, ஜாக்கெட்டுத் துணி எடுக்கோணும். பொள்ளாச்சியில கிடைக்காதான்னு கேட்டீங்கன்னா, கிடைக்கும். இருந்தாலும் உடுமலையில எடுக்கலாம்னு கிளம்பிட்டேன்.

என்ற பேரு சுகந்தாமணி. பொள்ளாச்சியில ஒரு பல் டாக்டருகிட்ட முன்னால உக்காந்து அப்பாயின்மென்ட் போடறேன். டாக்டரம்மா சின்ன வயசு, நல்ல மாதிரி. அவங்கதான் எனக்குக் காலண்டரு சொல்லிக் குடுத்தாங்க. செவுத்துல தொங்கறது இல்லைங்க, கம்ப்யூட்டர்லயும் போன்லயும் இருக்கறது. அதுக்கு முன்னாடி பாத்தீங்கன்னா ஆஸ்பத்திரி வாசல்ல சந்தை கூடின மாதிரி இருக்கும். எப்ப வருவீங்கன்னு கேட்டா பொழுதோட வர்றேம்பாங்க. பொழுதோடன்னா எத்தனை மணிக்குங்க? கறவை முடிஞ்சு வர்றேம்பாங்க. கறவை எப்ப முடியும்னு கேட்டா, அதை மாட்டைத்தான் கேக்கோணும்பாங்க. நான் விடலையே. கேட்டுக் கேட்டு அல்லாரையும் வழிக்குக் கொண்டாந்துட்டேன். இப்ப மாடுகூட நேரத்துக்குக் கறந்து போடுதுங்க.

அதுல கலர் வெக்கலாம், தெரியுமல்ல உங்களுக்கு? பல்லு சுத்தம் பண்றது பச்சை, அடைக்கறது மஞ்சள், புடுங்கறதுக்குச் சாம்பல் கலரு. காலையில தொறந்து பாத்தா அன்னைக்குப் பொழுது எப்படிப் போகும்னு கலர்லயே தெரிஞ்சு போயிரும்.

ஒண்ணே ஒண்ணுதான் அதுல எனக்குப் புடிக்காது. கூப்பிட்டா எஸ்ஸு, நோ, மேபின்னு மூணு பட்டன் வருதுல்லங்க, அந்த மேபி. நம்ம பக்கம் ஆருங்க வரமாட்டேன்னு மொகத்துக்கு நேரா சொல்லுவாங்க? பாக்கறேம்பாங்க. பாக்கறேன்னா வரமாட்டாங்கன்னு பச்சப் புள்ளைக்கும் தெரியும். அதுக்குன்னே ஒரு பட்டன் செஞ்சு குடுத்திருக்கறாங்க பாருங்க, அவங்களைச் சொல்லோணும். மேபி அழுத்தறவங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. வந்தா வாங்க, வல்லைன்னா வல்லைன்னு சொல்லுங்க. அடுத்தவங்களைக் காக்க வெக்கறது என்ன பழக்கம்?

அப்பறம் ஊட்டுலயும் போட்டேன். குடும்பம்னு ஒரு குரூப்பு. என்ற ஊட்டுக்காரரு, உடுமலையில இருக்கற அவரு அக்கா சாந்தாமணி, நாங்க நங்கையான்னு கூப்பிடுவோம், ஆஸ்திரேலியாவுல இருக்கற என்ற மச்சாண்டாரு, எங்க மாமனாரு. ஒண்ணு போட்டா அல்லாருக்கும் போயிரும். கேஸ் சொல்றது, தண்ணி வர்ற நாளு, ஊட்டுக்காரரு தலைக்கு மை போடற நாளு. மை போடறது ஆஸ்திரேலியாவுக்கும் போயிருச்சுன்னு ஒருக்கா ஊட்டுக்காரரு ரெண்டு நாள் பேசலை. போனா என்னங்க? அண்ணன்தானே. அவருக்கு மட்டும் நரைக்கலையா?

மாமா மட்டும் ஒரு நாளும் குத்தம் சொன்னதில்லை. அவரு பேரு சென்னியப்பன். எங்கூட்டுலதான் இருந்தாரு. அத்தை போயி வருசமாச்சு. அவரு அந்தக் காலத்துல பால் சொசைட்டித் தலைவரு. எத்தனை எலெக்‌ஷன் வந்தும் அவரை அசைக்க முடியலைம்பாங்க. பதவி போன பொறவு ஒரு நோட்டீஸ் இல்லை, கூட்டம் இல்லை, ஆளு சேரோட சேராக் கெடந்தாரு. நான் காலண்டரைப் போட்டுக் குடுத்தேன் பாருங்க, மொகமே தெளிஞ்சு போச்சு. கூட்ட அறிவிப்பு வந்திருக்குதும்பாரு. நான் எதை அனுப்பி விட்டாலும் அடுத்த நிமிசம் எஸ்ஸு. என்ன ஏதுன்னு படிக்கறதே இல்லைங்க. தலைவர் ஒப்புதல் குடுத்தாச்சு, அவ்வளவுதான்.

ஆனா கோரம் இல்லாமக் கூட்டம் நடத்த மாட்டாரு. கோரம்னா உங்களுக்குத் தெரியாது, கூட்டத்துக்கு இத்தனை பேரு இருந்தாத்தான் செல்லும்னு சொசைட்டியில ஒரு சட்டம். தீவாளிக்கு எண்ணெய் தேச்சுக் குளிக்கறதுக்கு நேரம் போட்டிருந்தேன். என்ற ஊட்டுக்காரரு எஸ்ஸு அழுத்தலை. மாமா தலையில எண்ணெயோட சேர்ல உக்காந்துட்டாரு. வாங்க மாமா, தண்ணி ஆறுதுங்கறேன். கோரம் வல்லையே சுகந்தாங்கறாரு. கடைசியில ஊட்டுக்காரரு போனைத் தேடி எடுத்து அழுத்தின பொறவுதான் எந்திரிச்சாரு.

தினமும் காலையில எட்டு மணிக்கு மாமா மாத்திரைன்னு ஒண்ணு போட்டு வெச்சிருந்தேன். எட்டுக்கு டிங்கு அடிக்கும், நான் தண்ணியோட போவேன், அவரு கையை நீட்டுவாரு. பேச்சே வேண்டியதில்லை. எந்த ஊட்டுலங்க மாமனாருக்கும் மருமகளுக்கும் அப்படி ஒரு ஒத்துமை இருக்கும்?

போன ஐப்பசியில அவருக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு. கோயமுத்தூருக்குக் கொண்டு போயி பெரிய ஆஸ்பத்திரியில சேத்தோம். கண்ணாடி ரூமுக்குள்ள போட்டுட்டாங்க. ரெண்டாவது நாளு டாக்டர் வெளிய வந்தாரு. எங்கள்ட்ட என்னமோ இங்கிலீசுல சொல்லிட்டு, கடைசியில, சொல்ல வேண்டியவங்களுக்கெல்லாம் சொல்லிருங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

நங்கையா பெஞ்சுல சாஞ்சு அழுகறாங்க. என்ற ஊட்டுக்காரரு செவுத்தைப் பாத்துட்டு நிக்கறாரு. ஒறம்பரைன்னு வந்த சொந்தக்காரங்க எல்லாம் முந்தானையை வாயில வெச்சுட்டு உக்காந்திருக்கறாங்க. நான் பாத்தேன். ஆராவது ஒருத்தர் வேலையைப் பாக்கோணுமல்லங்க? மச்சாண்டாரு ஆஸ்திரேலியாவுல இருந்து வரோணும், டிக்கெட் கிடைக்கோணும். வர்றது முகூர்த்த மாசம், மண்டபம் கிடைக்காது. சமையல்காரரு அதுக்கு மேல. எல்லாம் ஆன பொறவு ஓடினா ஆருங்க நமக்காகக் காத்திருப்பாங்க? டாக்டர் சொன்னதை வெச்சு உத்தேசமா நாளை எண்ணினேன். ஒரு ஞாயித்துக் கெழமை வாகா வந்துச்சு. போனை எடுத்தேன், போட்டேன். மாமா கருமாதி. ஞாயிறு, பத்துல இருந்து ஒண்ணு வரைக்கும். இடம், மாரியம்மன் மண்டபம். ஒரு நாளைக்கு முன்னாடி ஞாபகப்படுத்து, ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி ஞாபகப்படுத்து. கலர் என்ன வெக்கறதுன்னு யோசிச்சேன், பல்லுப் புடுங்கற கலரையே வெச்சேன். எனக்குன்னுதான் குறிச்சேன் அம்மணி, சத்தியமா. ஆனா கை பழகிப் போச்சு பாருங்க, ஆரைக் கூப்பிடறதுன்னு கேட்டதும் குடும்பம்னு வெச்சு அழுத்திப் போட்டேன்.

அந்த வராண்டாவுல டிங்கு டிங்குனு வரிசையா அடிச்சுது. நங்கையா கண்ணைத் துடைச்சுட்டு எடுத்துப் பாத்தாங்க. எழுத்துக் கூட்டிச் சத்தமாப் படிச்சாங்க. அத்தனை பேரும் என்னையப் பாக்கறாங்க. நங்கையா கேட்டாங்க, அடிப்பாவி, எங்கப்பன் இன்னும் மூச்சு விட்டுட்டுத்தானே இருக்கறாரு, மண்டபம் வரைக்கும் போயிட்டயேன்னு. நான் பொறுமையாத்தான் சொன்னேன், மண்டபம் இன்னும் சொல்லலைங்க நங்கையா, உத்தேசந்தான், வேண்டாம்னா எடுத்தரலாம்னு. அதுக்கு அவங்க நெஞ்சுல அடிச்சுக்கிட்டாங்க. நல்லதுக்குக் காலமில்லை பாருங்க.

சித்த நேரத்துல ஆஸ்திரேலியாவுல இருந்து பதில் வந்துச்சு. என்னன்னு நெனைக்கறீங்க? மேபி. பெத்த அப்பன் கருமாதிக்கு மேபியாமுங்க. அதை ஆரும் ஒரு வார்த்தை கேக்கலை, என்னையத்தான் கேட்டாங்க.

அடுத்த நாள் காலையில கேண்டீன்ல உக்காந்திருக்கறோம். நங்கையா எனக்கு எதிர்ல உக்காரமாட்டேன்னு திரும்பி உக்காந்து வடை திங்கறாங்க. அப்பப் பாத்து அல்லாரு போனும் டிங்கு அடிச்சுது. எடுத்துப் பாத்தா, மாமா கருமாதிக்கு சென்னியப்பன் எஸ்ஸு குடுத்திருக்கறாரு.

நங்கையா கையில வடையோட எந்திரிச்சு ஓடினாங்க பாருங்க, முட்டி வலின்னு மாடியேற மாட்டாங்க, அன்னைக்கு லிப்டுக்குக் கூட நிக்கலை. பின்னாலயே நாங்க. மேல போயிப் பாத்தா மாமா தலைகாணியில சாஞ்சு உக்காந்திருக்கறாரு. விடியக் கண்ணு முழிச்சதும் பல்செட்டைக் கேட்டிருக்கறாரு. பல்செட்டும் போனும் ஒரே கவருக்குள்ள இருந்துச்சு, நர்ஸம்மா அப்படியே எடுத்துக் குடுத்திருக்கறாங்க. போனைத் தொறந்தாரு, நோட்டீஸ் வந்திருந்துச்சு, வழக்கம்போல எஸ்ஸு. கண்ணாடி இல்லாம என்னத்தைப் படிச்சாரு?

அவரு பொழைச்ச சங்கதி டாக்டருக்கு முன்னாடி எங்களுக்குத் தெரிஞ்சது அந்தக் காலண்டர்லதானுங்க. அதை நெனைச்சுப் பாக்கறாங்களா ஒருத்தராச்சும்?

பொறவு கண்ணாடி போட்டுப் படிச்சிருக்கறாரு. சாயங்காலம் என்னைய மட்டும் உள்ளே வரச் சொன்னாரு. கோவமெல்லாம் இல்லைங்க. நிதானமாக் கேட்டாரு.

"ஏஞ் சுகந்தா, கூட்டத்துக்குத் தலைமை ஆருன்னு போடலையே."

"உத்தேசந்தானுங்க மாமா."

"கூட்டத்தை ஒத்தி வெக்கறதுக்குத் தலைவருக்கு அதிகாரம் உண்டல்ல?"

"உண்டுங்க மாமா."

"அப்ப ஒத்தி வெச்சாச்சு. தேதி குறிப்பிடாம ஒத்தி வெச்சாச்சுன்னு எழுதிக்க."

நான் அங்கயே காலண்டர்ல இருந்து எடுத்துட்டேன். எனக்குச் சிரிப்பாணி. அவரும் சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு. அப்பறம் என்னையவே பாத்தாரு. மண்டபம் வரைக்கும் யோசிச்சிருக்கறயே, நீ அழுகலையா அம்மணின்னு கேட்டாரு. நான் உள்ளதைச் சொன்னேன். நேரமில்லைங்க மாமான்னு சொன்னேன்.

அவ்வளவுதானுங்க. செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு. அன்னைக்குப் பேச்சை நிறுத்தினவருதான். டிஸ்சார்ஜ் பண்ணின அன்னைக்கு நங்கையா காரைக் கொண்டாந்து, இவ ஊட்டுல விட்டா நாளைக்கே அடுத்த தேதி வெச்சிருவான்னு சொல்லி உடுமலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அவரும் கார்ல ஏறி உக்காந்துட்டாரு. நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? நேரமில்லைன்னா நேரமில்லை. மாத்திரைச் சீட்டு, ரத்தத்துக்கு ஆளு, டாக்டருக்குப் பின்னால ஓட்டம், வந்தவங்களுக்குக் காப்பி. இதுல எங்கிருந்துங்க அழுகறது?

அன்னைக்குப் பொழுதோட ஊட்டுக்கு வந்து அடுப்படியில நின்னேன். வெங்காயம் அரியலாம்னு எடுத்தேன். அரியறதுக்கு முன்னாடியே கண்ணுல தண்ணி வந்துருச்சு. அது நிக்கவே இல்லை. எனக்கு நெம்பச் சங்கட்டமாப் போச்சுங்க, அன்னைக்கு.

இப்ப அதெல்லாம் ஒண்ணுமில்லை. ஊடு விசாலமா இருக்குது. அந்தச் சேரைத் தொடைச்சு வெச்சிருக்கறேன். காலையில எட்டு மணிக்கு மாமா மாத்திரைன்னு இன்னும் டிங்கு அடிக்குதுங்க. எடுத்துப் போடலாம்னு பாக்கறேன், கிளினிக்குக்குக் கிளம்பற அவசரத்துல முடியறதில்லை. அழிக்க ஒரு நிமிசம் ஆகும். அவரும் அழிக்கலைங்க. அவரு நோ குடுத்திருந்தா எனக்குக் காட்டும். தினமும் பாக்கறேன், எஸ்ஸுன்னுதான் காட்டுது. அங்க எட்டு மணிக்கு டிங்கு அடிச்சா தண்ணி ஆரு கொண்டு வந்து குடுக்கறாங்களோ. நங்கையா எட்டு மணிக்கெல்லாம் எந்திரிக்கற ஆளு இல்லை.

சரி, உங்கள்ட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. ஜாக்கெட்டுத் துணி ஒண்ணும் எடுக்கறதில்லை. இந்த வாரம் மாமாகிட்டயிருந்து நோட்டீஸ் வந்துச்சு. அவரு இத்தனை நாள் எஸ்ஸு குடுத்திருக்கறாரே ஒழிய, ஒருக்காக் கூட அவரா ஒண்ணு போட்டதில்லை. இதுதான் முதல் தடவை. சிறப்புப் பொதுக்குழு. இன்னைக்குப் பதினொரு மணிக்கு. இடம், உடுமலை, சாந்தாமணி ஊடு. பொருள், நேரில் அறிவிக்கப்படும்.

சிறப்புப் பொதுக்குழுன்னா என்னன்னு எனக்குத் தெரியுங்க. அவரே கதை கதையாச் சொல்லியிருக்கறாரு. சொசைட்டியில ரெண்டே தடவைதான் கூட்டினாரு, ரெண்டு தடவையும் பதவியில இருந்து ஆளை எடுக்கறதுக்கு. ஒருக்காச் செயலாளரை, ஒருக்காப் பொருளாளரை. அப்ப இதுவும் அதுக்குத்தானே? இனி உடுமலையிலதான் இருக்கப் போறேன், சுகந்தாமணி ஊட்டுக்கு வரமாட்டேன்னு நாலு பேரு முன்னால சொல்லப் போறாரு. சொல்லட்டும். மகராசனாச் சொல்லட்டும். எனக்கு வேலை மிச்சம்.

என்ற ஊட்டுக்காரரைக் கேட்டேன், என்ன விசயம்னு. அவரு காலையில நேரத்துலயே காரை எடுத்துட்டாரு. என்னையக் கூட்டிட்டுப் போனா என்ன? நீ அப்பறமா வாங்கறாரு. ஏனுங்க, என்னதான் நடக்குதுன்னா, அப்பா எதா இருந்தாலும் நோட்டீஸ்ல வரும், வாய்ல வராதுன்னு சொல்லிட்டாருங்கறாரு. அப்பனும் மகனும் ஒரே மட்டை.

நான் இன்னும் பதில் அழுத்தலைங்க அம்மணி. ஊருக்கெல்லாம் சொல்றவ, மூணு பட்டனையும் பாத்துட்டே இருக்கறேன், கை போகலை. ஒருக்கா மேபி மேலகூட வெரலு போச்சுங்க. அதுதான் பதிலு சொல்லாமயே கிளம்பிட்டேன். நேர்ல போயி, மாத்திரையைக் கையில குடுத்து, சோத்தை வெச்சுட்டு, அவரு என்னைய எடுக்கறதுன்னா எடுக்கட்டும்னு திரும்பி வந்தரலாம்னு. ஆமாங்க, காலையில மிச்சமான சோறு இல்லை இது. இதுக்குன்னுதான் செஞ்சேன். நங்கையா கைக்கு அரிசிம்பருப்பு குழைஞ்சு போகும், அவருக்கு ஆகாது.

கோமங்கலம் வந்துருச்சா? இன்னும் சித்த தூரந்தான்.

இப்ப அடிச்சது என்றது. ரெண்டு டிங்கு, கேட்டீங்களா? என்ற கண்ணாடி பைக்கு அடியில சிக்கிட்டு இருக்குது. நீங்களே சித்தப் படிச்சுச் சொல்லுங்களேன். ஆருகிட்டயிருந்து? மாமாவா? என்ன மாத்திப் போட்டிருக்கறாரு? இடமா?

நல்லாப் பாருங்க அம்மணி. பொள்ளாச்சியா? நம்ம ஊடுன்னா போட்டிருக்குது? நம்ம ஊடுன்னேவா? அது எங்கூடுதானுங்க. அப்ப, ஊட்டுக்காரரு காரை எடுத்துட்டுப் போனது இதுக்கா? அந்தக் காரு நமக்கு எதிர்ல இந்நேரம் போயிருக்குமே. நான் இந்தப் பக்கம் ஜன்னல்ல உக்காந்துட்டு உங்கள்ட்டப் பேசிட்டிருக்கறேன்.

பொருளு என்ன போட்டிருக்குது, அதைப் படிங்க. தலைவர் தலைமை அலுவலகம் திரும்புதல். இன்னொருக்காப் படிங்க. சரி. அதுக்குக் கீழ என்னமோ இருக்குதே. குறிப்பு. கோரத்துக்கு ஓர் ஆள் குறைவு.

அந்த ஓர் ஆளு நான்தானுங்க. மச்சாண்டாரு கூட எஸ்ஸு குடுத்திருக்கறாரு பாருங்க, அவருக்கு அங்க இந்நேரம் மத்தியானம் தாண்டியிருக்கும்.

ஏனுங்க கண்டக்டரு, கோமங்கலத்துல நிறுத்துங்க, எறங்கோணும். உடுமலைக்கு டிக்கெட் எடுத்தது எனக்குத் தெரியுங்க, எறங்கோணும். ஊடு கூட்டாமப் போட்டுட்டு வந்தேன். சாவி என்ற கையில இருக்குது, மாமா வந்து வாசல்ல நிப்பாரு.

இந்தப் பையைப் புடிங்க சித்த. அழுகறனா? ஆமாங்க அழுகறேன். இப்ப நேரமிருக்குது, பஸ்ஸு நிக்கற வரைக்கும்.

இருங்க, அதைக் குடுங்க, முதல்ல எஸ்ஸு அழுத்திப் போடறேன். இல்லைன்னா சாவியே குடுத்தாலும் படியேற மாட்டாரு, கோரம் வல்லைன்னு வெயில்ல நின்னுட்டு இருப்பாரு. எங்கீங்க அந்தப் பட்டன், கண்ணுல தண்ணியா இருக்குது, சரியாக் காட்டுங்க. இதுதானே? அழுத்தியாச்சு.

வர்றனுங்க அம்மணி.